ஒரு கிராம் காசும் அறுபது மீட்டர் ஆழமும்

2023 ஆடிப் பதினெட்டு. காலை ஒன்பது மணிக்கு மேல் இருக்கும். அனுமன்தீர்த்தத்தில் தென்பெண்ணை தொடை மட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் இங்கே முழுக்குப் போட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். ஆடிப் பதினெட்டு என்றால் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்கா கரையோரத் தண்ணீரில் நின்றபடி பழைய சரடை அவிழ்த்து, தாலி, இரண்டு குண்டு, இரண்டு லட்சுமி காசு எல்லாவற்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு புது மஞ்சள் சரடில் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையன் பாசியில் வழுக்கி அவள் முழங்கையைப் பிடித்தான். அவ்வளவுதான். தாலி தப்பியது, குண்டு தப்பியது, காசு ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மாமாவும் நானும் ஒரு மணி நேரம் காலால் மணலைத் துழாவினோம். தண்ணீர் கலங்கிப்போய்ப் பாதமே தெரியவில்லை. அக்கா அழவில்லை. மீதி இருந்த ஒரு காசைக் கோத்து, கழுத்தில் கட்டிக்கொண்டு, "வாங்க, மலைக்கு நேரமாச்சு" என்றாள்.

அந்த இரண்டு காசும் அம்மா போட்டது. ஒவ்வொன்றும் ஒரு கிராம். இரண்டு எருமையை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றி, வாரப் பணத்தில் மிச்சம் பிடித்து, அக்கா கல்யாணத்துக்கு முன்னால் ஒன்றும் முதல் பிரசவத்துக்குப் பிறகு ஒன்றுமாக வாங்கியவை. அம்மா இப்போது இல்லை. ஒரு கிராம் தங்கம் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப வாங்க முடியாத வீடு இல்லை எங்களுடையது. ஆனாலும் வாங்கிப் போட்டுக்கொள் என்று யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. எனக்கு அது மாதக்கணக்கில் அடங்கவில்லை. ராத்திரி படுத்தால் அந்த இடம், அந்தப் பாறை, பையன் நின்ற பக்கம், தண்ணீர் ஓடிய திசை எல்லாம் வரும்.

ஆழம் என்ற ஒரே சொல்

அரூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர்வெல் சப்மெர்சிபிள், மிக்ஸி, ஃபேன் எல்லாம் வரும். காசைத் தேட, மணலுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்று தோன்றியது. டிடெக்டர் என்பதும் காயில்தானே, நமக்குப் புரியாதா என்ற தைரியம் இருந்தது. விசாரிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எத்தனை அடி ஆழம் போகும்?" கடையில் நானும் அதையே கேட்டேன். பழைய மிஷின் ஒன்று இருக்கிறது, கடலுக்குள் முக்குளிப்பவர்கள் பயன்படுத்துவது, 60 மீட்டர் போகும் என்றார்கள். அறுபது மீட்டர் என்றதும் என் மனம் வேறு எதையும் கேட்கவில்லை. வாங்கிவிட்டேன்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள் என்று இப்போது தெரிகிறது. ஆழம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு விஷயம். ஒன்று, மிஷினை எத்தனை மீட்டர் தண்ணீருக்குள் கொண்டுபோனால் அது நீர் புகாமல் தாங்கும் என்பது. பத்து மீட்டர் தண்ணீர் என்றால் நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் அழுத்தம் இன்னொரு மடங்கு சேர்ந்ததற்குச் சமம்; அறுபது மீட்டரில் அது ஆறு மடங்கு. அதைத் தாங்கும் பெட்டிக்கும் ரப்பர் வளையங்களுக்கும்தான் அந்த விலை. இன்னொன்று, மணலுக்குள் எவ்வளவு கீழே கிடக்கும் பொருளை அது கண்டுபிடிக்கும் என்பது. அறுபது மீட்டர் தாங்கும் மிஷினும் மணலுக்குள் ஒரு மோதிரத்தைக் கண்டுபிடிப்பது ஒரு சாண் அளவுக்குத்தான். தென்பெண்ணையில் நான் நிற்கப்போவது இடுப்பளவு தண்ணீரில். அதற்கு மேல் போகவும் கூடாது. மணல் அள்ளிய குழிகள் ஆற்றுக்குள் எங்கே இருக்கின்றன என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கும்போது அடுத்த அடி தலைக்கு மேல் இருக்கும்.

அந்த மிஷின் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. கெட்ட மிஷின் என்று சொல்லமாட்டேன். கடலுக்கு அது நல்ல மிஷின். ஆனால் அதற்கு எல்லா உலோகமும் ஒன்று. நான்கு ஞாயிற்றுக்கிழமை அனுமன்தீர்த்தத்தில் அதை வைத்துக்கொண்டு நின்றேன். ஆடிப் பதினெட்டும் அமாவாசையும் வருஷக்கணக்காக நடக்கும் படித்துறையில் மணலுக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊக்கு, ஹேர்பின், சோடா மூடி, துருப்பிடித்த ஆணி, மொட்டை அடித்த பிளேடு, மாத்திரை அட்டை, சைக்கிள் பால்ரஸ், பூட்டு, ஒரு ரூபாய் நாணயங்கள். ஒவ்வொன்றுக்கும் அதே சத்தம். ஒவ்வொன்றுக்கும் குனிந்து, தண்ணீருக்குள் கைவிட்டுத் தோண்டி, எடுத்துப் பார்த்து, தூக்கு வாளியில் போட்டேன். நாலாவது ஞாயிறு மாலை வாளியைத் தூக்க முடியவில்லை. அதில் தங்கம் இல்லை, வெள்ளி இல்லை. கை விரல் நுனியெல்லாம் ஊக்கு குத்தி வீங்கியிருந்தது.

ஷார்ட் ஆன ஒரு சுற்று

கடையில் ஆர்மேச்சரை, அதாவது மோட்டாருக்குள் சுழலும் காயில் பாகத்தை, சோதிக்க குரோலர் என்று ஒன்று வைத்திருப்போம். காயில் கட்டிய இரும்புத் துண்டுதான், மேல்பக்கம் இரண்டாகப் பிளந்திருக்கும். ஆர்மேச்சரை அதன் மேல் வைத்துக் கரண்ட் கொடுத்து, ஆக்சா பிளேடை ஒவ்வொரு ஸ்லாட் மேலும் பிடித்துக்கொண்டு திருப்பவேண்டும். சுற்று எங்கே ஷார்ட் ஆகியிருக்கிறதோ அங்கே பிளேடு 'டர்ர்' என்று அதிரும். கம்பியை யாரும் தொடுவதில்லை. குரோலரின் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் ஷார்ட் ஆன சுற்றுக்குள் மின்சாரம் தானே ஓடுகிறது, அந்த மின்சாரம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, பிளேடு அதைச் சொல்லிவிடுகிறது.

ஒருநாள் கடையில் ஆர்மேச்சரைத் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான் இது உறைத்தது. மோதிரம் என்பது ஒரே ஒரு சுற்று உள்ள ஷார்ட் காயில். மூடிய வளையம், நல்ல கடத்தி. அதனால்தான் டிடெக்டருக்கு மோதிரம் சுலபம். தட்டையான காசும் அப்படித்தான், அதன் பரப்பிலேயே மின்சாரம் வட்டமாகச் சுற்றிவிடும். மெல்லிய சங்கிலி அப்படியில்லை. ஐந்து பவுன் சங்கிலியாகவே இருந்தாலும் அது தனித்தனிக் குட்டி வளையங்களின் வரிசைதான்; கண்ணிக்குக் கண்ணி சரியாகத் தொடாததால் டிடெக்டருக்கு அது ஒரு சின்னக் கண்ணி அளவுக்கும், கொக்கி அளவுக்கும்தான் தெரியும். "செயின் தொலைந்துவிட்டது, வந்து பாருங்கள்" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை.

வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அலைவரிசை) வகை மிஷின் விடாமல் ஒரு அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை வைத்து, கீழே கிடப்பது இரும்பா, நல்ல கடத்தியா என்று எண்ணாகக் காட்டும். பல்ஸ் மிஷின் மின்சாரத்தைப் பட்டென்று நிறுத்திவிட்டு, எதிரொலி எவ்வளவு நேரம் தேய்ந்து மறைகிறது என்று மட்டும் கேட்கும். கடலில் பின்னது ஏன் வேண்டும் என்றால், உப்புத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அலைவரிசையில் ஓடும் வி.எல்.எஃப். மிஷினுக்குக் கடல் தண்ணீரே ஒரு பெரிய உலோகம் மாதிரித் தெரிந்து கத்திக்கொண்டே இருக்கும். ஆற்றுத் தண்ணீருக்கு அந்தத் தொல்லை கிடையாது. நல்ல தண்ணீர் டிடெக்டருக்குக் கிட்டத்தட்டக் காற்று மாதிரிதான். கடலுக்காகச் செய்ததைக் கொண்டுவந்து, ஆற்றுக்கு வேண்டாத ஒரு பலத்துக்காக, எனக்கு அவசியமான ஒரு வசதியை விட்டுக்கொடுத்திருந்தேன்.

அக்கா கழற்றிக் கொடுத்த காசு

ஓசூரில் நண்பர் ஒருவர் கேரெட் ஏ.டி. புரோ என்ற வி.எல்.எஃப். மிஷின் வைத்திருந்தார். 15 கிலோஹெர்ட்ஸ், பத்து அடித் தண்ணீர் வரை தாங்கும். ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். இரண்டையும் வீட்டுக்குப் பின்னால் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கத்தில் ஏதாவது வேண்டும். மனைவியின் மோதிரத்தை வைத்துப் பார்த்தேன், இரண்டுமே கத்தின. மோதிரம் நான் தேடும் பொருள் இல்லையே என்று மாமாவிடம் போனில் புலம்பினேன். மறுநாள் காலை அக்கா பஸ் ஏறி அரூருக்கு வந்துவிட்டாள். கடை வாசலில் நின்றபடியே கழுத்துச் சரடின் முடிச்சை நெகிழ்த்தி, மீதி இருந்த ஒற்றைக் காசைக் கழற்றி என் கையில் வைத்தாள். "இதுவும் அதுவும் ஒரே அச்சு. இத வெச்சுப் பாரு சாமி" என்றாள். எனக்குக் கை நடுங்கியது. இதையும் ஆற்றில் விட்டுவிட்டால் என்று கேட்டேன். "நீ விடமாட்ட" என்று சொல்லிவிட்டு டீ வாங்கி வரச் சொன்னாள்.

அந்த வாரம் நான் செய்ததுதான், டிடெக்டர் வாங்க நினைக்கும் யாரும் முதலில் செய்யவேண்டியது. காசின் வளையத்தில் தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையை ஒரு மூங்கில் முளையில் கட்டினேன். இரும்பு முளை கூடாது, மிஷின் அதைத்தான் காட்டும். அனுமன்தீர்த்தத்துக்கே போய், முழங்கால் தண்ணீரில், அதே மணலில் நாலு விரற்கடை ஆழத்தில் புதைத்தேன். பல்ஸ் மிஷின் கத்தியது. வி.எல்.எஃப். மிஷினும் கத்தியது, எண்ணும் காட்டியது. அரைச் சாண் ஆழத்தில் இரண்டும் மெல்லக் கேட்டன. ஒரு சாண் ஆழத்தில் இரண்டுமே ஊமை. அறுபது மீட்டருக்கும் பத்து அடிக்கும் இந்தக் காசு விஷயத்தில் வித்தியாசமே இல்லை.

அப்புறம் காசுக்கு ஒரு ஜாண் தள்ளி ஒரு ஹேர்பின்னும், இன்னொரு பக்கம் ஒரு ஊக்கும் புதைத்தேன். பல்ஸ் மிஷினுக்கு மூன்றும் ஒரே பொருள். வி.எல்.எஃப். மிஷின் இரண்டு பக்கமும் கனத்த இரும்புச் சத்தம், நடுவில் ஒரு சுத்தமான மெல்லிய சத்தம் என்று பிரித்துச் சொன்னது. அந்த நடுச் சத்தத்தை நான் பத்து முறை, இருபது முறை கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இதுவரை எந்தச் சத்தத்தைத் தேடுகிறேன் என்று தெரியாமல் நின்றிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் அம்மாவின் காசு எப்படி ஒலிக்கும் என்று தெரிந்தது. நரம்பை இழுத்துக் காசை எடுத்து, துடைத்து, சட்டைப்பையில் போட்டு, பொத்தானும் போட்டுக்கொண்டு, அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன்.

எல்லாம் எண்ணில் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் சின்னத் தங்கமும் பக்கத்துப் பக்கத்து எண்ணில்தான் வரும். அலுமினியத்தை ஒதுக்கினால் தங்கமும் போய்விடும். அதைத் தோண்டித்தான் ஆகவேண்டும். சோடா மூடி இரும்பாக இருந்தும் வட்டமாக இருப்பதால் நல்ல உலோகம் மாதிரி ஏமாற்றும். காயிலின் நடுவில் இருந்து ஓரத்துக்கு அதை நகர்த்திக் கேட்டால் சத்தம் உடைந்துபோகும், அப்படித் தெரிந்துகொள்ளலாம். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர். கயிற்றில் காந்தம் கட்டிப் பாலத்தடியில் காசு எடுக்கும் பையன்களுக்கு அது வசதி. இரும்பை ஒதுக்கித் தேடுகிற எனக்கு அவை போனால் போகட்டும்.

நம் ஆற்றுக்கு எது வேண்டும்

இரவல் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பல்ஸ் மிஷினை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, நான் வாங்கியது நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ். 12 கிலோஹெர்ட்ஸ், மூன்று மீட்டர் வரை தண்ணீர் தாங்கும், எடை ஒன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கைப்பிடியிலேயே அதிர்வு வசதி உண்டு, தண்ணீர் சத்தத்தில் காது கேட்காதபோது அது பெரிய உதவி. பணம் இருக்கிறவர்கள் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 வாங்கலாம். அது பல அலைவரிசையை ஒரே நேரத்தில் அனுப்பும், கடலுக்கும் ஆற்றுக்கும் சேர்த்து ஆகும், அதுவும் மூன்று மீட்டர். எக்ஸ்.பி. டியூஸ் 2 இருபது மீட்டர் வரை போகும். அணைக்குள் காற்று சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களுக்குத்தான் அறுபது மீட்டர் எக்ஸ்காலிபர் வகை தேவைப்படும். கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையே நிரம்பினால் 52 அடிதான். அந்த ஆழத்தில் யாருடைய காசும் தொலைவதில்லை. மனிதர்கள் பொருளைத் தொலைப்பது குளிக்கும் இடத்தில், முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவில். மிஷினை அந்த இடத்தில் இருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆற்றுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. தீர்த்தமலையில் காந்த இரும்புத் தாது இருக்கிறது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கவரில் போட்டு ஆற்று மணலில் இழுத்துப் பாருங்கள், கருமணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இந்த மண்ணே டிடெக்டரோடு பேசும். அதனால் கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சத்தத்தை ஒதுக்கிச் சரிசெய்யும் வசதி) இல்லாத மிஷினை இங்கே வாங்கவே கூடாது. கரையில் நின்று சரிசெய்துவிட்டு ஆற்றுக்குள் இறங்குவதும் தப்பு; தேடப்போகும் தரையின் மேலேயே காயிலைத் தண்ணீருக்குள் ஏற்றி இறக்கிச் சரிசெய்ய வேண்டும், பத்தடி நகர்ந்தால் மறுபடி செய்ய வேண்டும்.

காயில் பெரிதாக இருந்தால் ஆழம் கிடைக்கும் என்பது நிஜம். ஆனால் ஓடும் தண்ணீரில் 11 அங்குலக் காயிலை இரண்டு மணி நேரம் ஆட்டிப் பாருங்கள், முறத்தை ஆற்றுக்குள் பிடித்தது மாதிரி இழுக்கும், தோள்பட்டை கழன்றுவிடும். குப்பை நிறைந்த படித்துறையில் பெரிய காயிலுக்குக் கீழே ஒரே நேரத்தில் நாலு பொருள் வந்து சத்தம் குழம்பும். நீள்வட்டச் சின்னக் காயில் ஒன்று தனியாக வாங்கினேன், அதற்குக் கொடுத்த பணம்தான் இதில் நான் நிறைவாகச் செலவழித்தது. வயர் இல்லாத ஹெட்ஃபோன் பற்றியும் ஒரு வார்த்தை: ரேடியோ அலை தண்ணீருக்குள் போகாது. பெட்டி தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை கேட்கும், முங்கியதும் அறுந்துவிடும். தலையோடு முங்குகிறவர்கள் வயர் உள்ள, தண்ணீருக்கென்றே செய்த ஹெட்ஃபோன் வாங்கிக்கொள்ளுங்கள். மணல் அள்ளும் கரண்டியைப் பக்கத்துப் பட்டறையில் எவர்சில்வர் தகட்டில் ஓட்டை போட்டு, நீளக் குழாய்க் காம்பு வைத்துச் செய்துகொண்டேன். ஒரு கிராம் காசு நழுவாத அளவுக்கு ஓட்டை இருக்கவேண்டும் என்று பட்டறைக்காரரிடம் சட்டைப் பொத்தானைக் கொடுத்து அளவு சொன்னேன்.

"புதையலா?"

ஆற்றில் இறங்கினாலே கரையில் நாலு பேர் கூடிவிடுவார்கள். முதல் கேள்வி, "புதையலா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். இதில் நான் கறாராக இருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் நடுகல் இல்லாத ஊர் குறைவு. புதையல் ஆசையில் அவற்றின் அடியைத் தோண்டிச் சாய்த்துப் போட்டிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்த ஆண்டுக் கணக்கு எடுக்க முடிந்ததற்குக் காரணம் அந்த இரும்பு எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று குழியில் பார்க்க முடிந்ததுதான். ஒருவர் டிடெக்டரை வைத்து அதைப் பிடுங்கியிருந்தால் வெறும் துருத் துண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்துகிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதுவும் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நான் தேடுவது நேற்றைய மனிதர்கள் தொலைத்ததை. கோயில் பக்கமும் நடுகல் பக்கமும் மிஷினை ஆன் செய்வதே இல்லை. ஒகேனக்கலுக்கும் யாராவது கூப்பிட்டால் போவதில்லை. காவிரியின் அந்தப் பாறை இடுக்குச் சுழலில் இறங்கி எடுக்கும் அளவுக்கு எந்த நகையும் பெரிதில்லை.

2024 கோடையில் புது மிஷினோடு இறங்கினேன். முதல் நாளே ஒரு வெள்ளி மெட்டி கிடைத்தது. அப்புறம் ஒரு சாவிக்கொத்து, ஒரு குழந்தையின் வெள்ளிக் கொலுசு, கல் விழுந்த ஒரு சின்ன மோதிரம். படித்துறை டீக்கடையில் சொல்லி வைத்தேன். மோதிரத்துக்குச் சொந்தக்காரர் ஊத்தங்கரைப் பக்கத்தில் இருந்து வந்தார், விழுந்த கல் என்ன நிறம் என்று சரியாகச் சொன்னார், கொடுத்துவிட்டேன். கொலுசுக்கு இன்னும் யாரும் வரவில்லை, கடை மேசை டிராயரில் இருக்கிறது. காசு கிடைக்கவில்லை. பையன் வழுக்கிய பாறையில் இருந்து ஓட்டத்தின் போக்கில் நாற்பது அடி வரைக்கும் கயிறு கட்டி, கட்டம் கட்டமாகப் பார்த்தேன். நோட்டில் படம் வரைந்து பார்த்த கட்டத்தைக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை, தென்பெண்ணையில் யாரும் பார்க்காத வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். என் நோட்டில் இருந்த மணல் திட்டு அங்கே இல்லை. புதிதாக ஒரு பாறை வெளியே தெரிந்தது. கனமான பொருள் மணலோடு போகாது, மணல் போன பின்னால் அது அடித்தரையில் பாறைக்குப் பின்புறம் எங்காவது தங்கும் என்பது ஆற்றோடு பழகிய எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு சாண் ஆழத்தில் ஊமையாகக் கிடந்தது இப்போது நாலு விரற்கடைக்கு வந்திருக்கலாம். இன்னும் தூரமும் போயிருக்கலாம். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி அந்தப் பாறையில் இருந்து மறுபடி வரைய ஆரம்பித்தேன். மூன்று கட்டம் முடிந்திருக்கிறது.

சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும். அடித்தரை மாறிவிட்டதால் சத்தமும் மாறியிருக்கும். இறங்குவதற்கு முன்னால் அக்காவிடம் அந்த ஒற்றைக் காசை இன்னொரு முறை கேட்க வேண்டும்.